எடை குறைந்த .22 ரிவால்வர்: வைத்திருப்பவர்கள் ஏன் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்?

சிறிய .22 ரிவால்வரைப் பற்றி (.22 என்பது அங்குலக் கணக்கில் குண்டின் பருமன்) அதை வைத்திருப்பவர்களிடம் விசாரித்தால் முதலில் குழப்பம்தான் மிஞ்சும். "உதைப்பே தெரியாது, சுட ஆரம்பித்தால் கீழே வைக்க மனம் வராது" என்பார் ஒருவர். அதே மாதிரியை வைத்திருக்கும் இன்னொருவர், "விசையை இழுத்து இழுத்து விரல் நொந்துவிட்டது, விற்றுவிட்டேன்" என்பார். "ஆயிரம் தோட்டா சுட்டாயிற்று, ஒன்றுகூட ஏமாற்றவில்லை" என்று மூன்றாமவர் சத்தியம் செய்வார். நான்காமவரோ எட்டுத் தோட்டாக்களில் இரண்டு வெடிக்கவில்லை என்று தலையில் அடித்துக்கொள்வார்.

நால்வரும் பொய் சொல்லவில்லை. சுடும் பழக்கத்துக்கு வந்த புதிதில் நானும் இவற்றில் எதை நம்புவது என்று தெரியாமல் விழித்தவன்தான். பிறகு ஒரு காலித் தோட்டா உறையைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தபோது பாதிக் குழப்பம் தீர்ந்தது. இந்த வகைத் துப்பாக்கியைப் பற்றிய புகழ்ச்சிகளும் புலம்பல்களும் பெரும்பாலும் அந்த உறையின் அடியில் இருக்கும், ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட விளிம்பில் போய் முடிகின்றன. அந்த விளிம்பு என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால், யார் எதைச் சொன்னாலும் ஏன் சொல்கிறார் என்பது பிடிபட்டுவிடும்.

விளிம்புக்குள் ஒளிந்திருக்கும் மருந்து

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள் உண்டு. பித்தளை உறை, அதன் வாயில் செருகிய குண்டு, உள்ளே வெடிமருந்து, அந்த வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறிதளவு தீப்பற்று மருந்து. இந்தக் கடைசிப் பொருள் எங்கே இருக்கிறது என்பதை வைத்துத் தோட்டாக்களை இரண்டு குலமாகப் பிரிக்கிறார்கள்.

பெரிய தோட்டாக்களில் உறையின் அடிப்பகுதி நடுவில் ஒரு சிறிய கிண்ணம் செருகப்பட்டிருக்கும். மருந்து அதற்குள் இருக்கும். துப்பாக்கியின் ஊசி நடுவில் குத்தும். இது சென்டர்ஃபயர். நம் .22 இரண்டாவது குலம், ரிம்ஃபயர். அதில் தனிக் கிண்ணம் கிடையாது. உறையின் அடியில் பித்தளைத் தகடு வெளிப்பக்கமாக மடிந்து ஒரு விளிம்பாக நிற்கிறது. அந்த மடிப்புக்குள் குழியாக இருக்கும் வளையத்தில்தான் தீப்பற்று மருந்து இருக்கிறது. ஊசி நடுவில் குத்தினால் ஒன்றும் நடக்காது. விளிம்பில் அடித்து, அந்த மடிப்பைத் தோட்டா அமரும் அறையின் ஓரத்தோடு சேர்த்து நசுக்கினால்தான் தீ பிறக்கும்.

சுட்ட உறை ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அடிப்பகுதியின் நடுவில் தயாரிப்பாளரின் முத்திரை எழுத்து சேதமில்லாமல் அப்படியே இருக்கும். ஓரத்தில் மட்டும், ஈரக் களிமண்ணில் நகத்தால் அழுத்தியது போல ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம், விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளி விழுந்திருக்கிறது என்பதில் துப்பாக்கியின் குணம் முழுவதும் எழுதியிருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

தயாரிக்கும் விதத்திலும் ஒரு சங்கதி உண்டு. தீப்பற்று மருந்தை ஈரமாக உறைக்குள் வைத்து, உறையை வேகமாகச் சுழற்றுவார்கள். ராட்டினத்தில் உட்கார்ந்தவரை வெளிப்பக்கம் தள்ளுவது போல, சுழற்சி அந்தக் கலவையை விளிம்பின் மடிப்புக்குள் தள்ளிவிடும். பெரும்பாலும் வளையம் முழுவதும் சீராகப் பரவும். சில நேரம் ஓரிடத்தில் மருந்து குறைந்துபோகும். ஊசி சரியாக அந்த இடத்தில் விழுந்தால் தோட்டா ஊமையாகிவிடும். அதே தோட்டாவை எடுத்து, பாதி சுற்றுத் திருப்பிப் போட்டுச் சுட்டால் பல முறை வெடித்துவிடும். துப்பாக்கியில் குற்றமில்லை, தோட்டாவில்தான் வெற்றிடம் என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

இந்த ஏற்பாடு புதியதல்ல. பிரான்ஸைச் சேர்ந்த ஃப்ளோபெர் 1845-இல் தீப்பற்றுக் கிண்ணத்தின் வாயிலேயே ஒரு சிறு குண்டைப் பொருத்தி வீட்டுக்குள் குறிசுடப் பயன்படுத்தியதில் இது தொடங்குகிறது. 1857-இல் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தங்கள் முதல் மாதிரி ரிவால்வரை வெளியிட்டபோது அது ஏழு தோட்டாக்கள் கொண்ட ஒரு .22 ரிம்ஃபயர்தான். இன்று .22 ஷார்ட் என்று சொல்கிறோமே, அந்தத் தோட்டாவும் அந்த ரிவால்வரும் சேர்ந்தே பிறந்தன. பின்னாலிருந்து தோட்டாவைப் போட வசதியாக, சுழலும் உருளையில் இருபுறமும் திறந்த துளையிடும் காப்புரிமை ரோலின் வைட் என்பவரிடம் இருந்தது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அவருக்கு 25 சென்ட் கொடுத்தே அந்த நிறுவனம் தயாரித்தது. 1869-இல் காப்புரிமை காலாவதியாகும் வரை மற்றவர்களால் அந்த வழியில் போக முடியவில்லை. இன்று உலகம் முழுவதும் சுடப்படும் .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் வந்தது. ஆக, சட்டைப்பைக்குள் அடங்கும் .22 ரிவால்வர் என்பது உலோக உறைத் தோட்டா ரிவால்வர்களின் கடைக்குட்டி இல்லை. மூத்த பிள்ளைகளில் ஒன்று அது.

துப்பாக்கி லேசு, விசை கனம்

எடை குறைந்தது என்றால் எவ்வளவு? எஃகில் செய்த நடுத்தர ரிவால்வர் ஒரு கிலோவை நெருங்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 317 மாதிரியில் சட்டமும் உருளையும் அலுமினியக் கலவை. ஏறக்குறைய 2 அங்குலக் குழலோடு அது சுமார் 300 கிராம்தான். ரூகர் நிறுவனத்தின் எல்சிஆர் 2009-இல் .38 தோட்டாவுக்காக வெளிவந்து, பின்னர் .22-க்கும் வந்தது. விசைப் பொறிகள் அமரும் பகுதியைப் பாலிமரில் செய்திருக்கிறார்கள். எட்டுத் தோட்டா கொள்ளும் .22 வடிவம் ஏறத்தாழ 420 கிராம். நார்த் அமெரிக்கன் ஆர்ம்ஸின் குட்டி ரிவால்வர்கள் இன்னும் கீழே போகின்றன. ஐந்து தோட்டாக்கள் கொண்ட அவற்றின் .22 லாங் ரைஃபிள் வடிவம் சுமார் 130 கிராம். சாவிக்கொத்து ஒன்றின் கனம்.

கையில் எடுத்தவுடன் எல்லோருக்கும் வியப்பு. விசையை இழுத்தவுடன் பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடும்.

ரிவால்வரில் சுட இரண்டு வழி உண்டு. தோட்டாவை அடிக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு விசையை மெல்லத் தொடுவது ஒன்று. இதை ஒற்றைச் செயல் முறை என்பார்கள். சுத்தியலைத் தொடாமல் விசையை மட்டும் நீளமாக இழுத்தால், அதுவே உருளையைத் திருப்பி, சுத்தியலைத் தூக்கி, விட்டும்விடும். இது இரட்டைச் செயல். முதல் முறையில் விரலுக்கு வேலை குறைவு. இரண்டாவதில் எல்லா வேலையும் ஒரே விரலின் தலையில் விழுகிறது.

இப்போது விளிம்புக்குத் திரும்புவோம். சென்டர்ஃபயர் தோட்டாவின் கிண்ணம் மெல்லிய உலோகம். அதற்குள் பட்டறைக்கல் போல ஒரு சிறு தடுப்பும் இருக்கும். லேசாகக் குத்தினாலே மருந்து நசுங்கிவிடும். ரிம்ஃபயரில் மடிந்து நிற்கும் பித்தளையையே நசுக்க வேண்டும். அதற்கு அடி பலமாக விழ வேண்டும். அடி பலமாக விழச் சுத்தியலின் சுருள்வில் விறைப்பாக இருக்க வேண்டும். வில் விறைப்பாக இருந்தால் விசை கனக்கும். .22 ரிவால்வர்களில் இரட்டைச் செயல் இழுவை 5 முதல் 6 கிலோ வரை இருப்பது சாதாரணம். சிலவற்றில் அதையும் தாண்டும்.

இதில் ஒரு சிறு கணக்கு. துப்பாக்கி 300 கிராம், விசையின் இழுவை 5.4 கிலோ என்று வைத்துக்கொண்டால், துப்பாக்கியின் எடையைப் போல 18 மடங்கு பலத்தை ஒரு விரல் கொடுக்கிறது. அதுவும் துப்பாக்கி அசையக் கூடாது. கனமான எஃகுத் துப்பாக்கி தன் எடையாலேயே கொஞ்சம் நிலைத்து நிற்கும். இந்தப் பூஞ்சைத் துப்பாக்கிக்கு அப்படிப்பட்ட தயவு கிடையாது. விரல் இழுக்கும் பக்கமெல்லாம் கூடவே போகும். "உதைப்பே இல்லை, ஆனாலும் குண்டு கீழே இடது பக்கம் போகிறது" என்று வலக்கைக்காரர் ஒருவர் சொன்னால், நான் முதலில் சந்தேகப்படுவது குறிபார்க்கும் முனைகளை அல்ல, அவருடைய ஆள்காட்டி விரலை.

உதைப்பு இல்லை என்பவர் சொல்வதும் உண்மையே. .22 குண்டு சுமார் 2.6 கிராம். குட்டைக் குழலிலிருந்து அது நொடிக்கு 260 மீட்டர் வேகத்தில் போகிறது என்று கொள்வோம். 420 கிராம் துப்பாக்கியில் கைக்கு வரும் உதைப்பின் ஆற்றல் அரை ஜூலைச் சற்றுத் தாண்டும். 380 கிராம் துப்பாக்கியில் 10.2 கிராம் எடையுள்ள .38 குண்டை நொடிக்கு 230 மீட்டரில் அனுப்பினால் அது 7 ஜூலுக்கு மேல். வெடிமருந்துப் புகையின் பங்கை விட்டுவிட்டுப் போட்ட தோராயக் கணக்குதான் இது. ஆனாலும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் என்பது கையில் நன்றாகத் தெரியும். .38 சுட்டால் இருபதாவது தோட்டாவில் உள்ளங்கை எரியத் தொடங்கும். .22-இல் அந்தத் தொல்லை இல்லாமல் ஒரு பெட்டியைக் காலி செய்யலாம்.

எனவே மூட்டுவலியுள்ள கைகளுக்கு இது ஏற்றதா என்ற பழைய வாக்குவாதத்தில் இரு தரப்பும் சரி. வலி உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் இருப்பவருக்கு இந்தத் துப்பாக்கி வரப்பிரசாதம். விரல் மூட்டில் பலம் குறைந்தவருக்கு அதே துப்பாக்கி தண்டனை. "பெண்களுக்கும் முதியோருக்கும் மிகவும் ஏற்றது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் அந்த விசையை வாங்கப்போகிறவரின் கையில் கொடுத்துப் பார்த்ததே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். வாங்குவதற்கு முன், துப்பாக்கி காலி என்று நேரில் பார்த்து உறுதி செய்துகொண்டு, விற்பவரின் அனுமதியோடு பத்து முறை தொடர்ந்து இழுத்துப் பாருங்கள். முதல் இழுவை யாருக்கும் எளிதுதான். எட்டாவது இழுவை உண்மையைச் சொல்லும்.

வெடிக்காத தோட்டாவுக்கு யார் பொறுப்பு?

விசை கனமாக இருக்கிறது என்று பலர் செய்யும் முதல் காரியம், வில்லை மாற்றுவது. மெல்லிய வில் போட்டதும் விசை வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு நாள் மகிழ்ச்சி. பிறகு தோட்டாக்கள் ஊமையாகத் தொடங்கும். நான்கு பத்திகளுக்கு முன் விறைப்பான வில் எதற்கு என்று பார்த்தோமே, அந்த வேலையை யாரும் செய்யாமல் போனதன் விளைவு இது. நானும் ஒருமுறை நண்பர் ஒருவரின் பேச்சைக் கேட்டு வில்லை மாற்றினேன். 50 தோட்டாக்களில் ஒன்பது வெடிக்கவில்லை. பழைய வில்லைத் திரும்பப் போட்டதும் நோய் போய்விட்டது. அடுத்தவர் துப்பாக்கியைக் குறை சொல்லும்போது, "வில் மாற்றினீர்களா?" என்று கேட்பது என் வழக்கமாகிவிட்டது.

வில் மாற்றாமலேயே சில தோட்டாக்கள் ஏமாற்றும். இங்கேதான் உறையில் விழுந்த பள்ளத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளம் ஆழமாகவும் விளிம்பின் மேலேயும் விழுந்திருந்தும் வெடிக்கவில்லை என்றால் குற்றம் தோட்டாவில். பள்ளம் மேலோட்டமாக இருந்தால் குற்றம் அடியில். மூன்றாவதாக ஒன்று உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் அடியில் வெடிக்காத தோட்டா, உருளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இரண்டாவது அடி வாங்கும்போது வெடித்துவிடும். பெரும்பாலும் காரணம் அழுக்கு. அறையின் உள்ளே கரி படிந்திருந்தால் தோட்டா முழுவதும் உள்ளே போய் அமராது, முடியளவு வெளியே நிற்கும். முதல் அடியின் பலம் அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். இரண்டாவது அடிதான் விளிம்பை நசுக்கும். துடைத்துவிட்டுச் சுட்டால் அதே துப்பாக்கி சாதுவாகிவிடும்.

தோட்டா வெடிக்காதபோது ரிவால்வரில் ஒரு வசதி உண்டு. விசையை இன்னொரு முறை இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும். தானியங்கிக் கைத்துப்பாக்கியில் போல வெடிக்காத தோட்டாவைக் கையால் வெளியேற்ற வேண்டியதில்லை. ரிம்ஃபயரும் ரிவால்வரும் 1857 முதல் சேர்ந்தே குடித்தனம் நடத்துவதற்கு இது ஒரு நல்ல காரணம். ஆனால் பயிற்சிக் களத்தில் இந்த வசதியை அவசரமாகப் பயன்படுத்தக் கூடாது. சில தோட்டாக்கள் அடி வாங்கியும் ஓரிரு நொடி தாமதித்து வெடிக்கும். அந்த நேரத்தில் உருளையைத் திருப்பியிருந்தால், குழலுக்கு நேரே இல்லாத அறையில் அது வெடிக்கும். குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்தபடி 30 நொடி காத்திருந்து, பிறகு உருளையைத் திறப்பதே முறை. "டப்" என்று மந்தமாகச் சத்தம் வந்து, வழக்கமான உதைப்பு இல்லாவிட்டால் சுடுவதை உடனே நிறுத்த வேண்டும். குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றை அனுப்பினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

தோட்டா வகைகளைப் பொறுத்தவரை இந்தத் துப்பாக்கிகளுக்கு விருப்பு வெறுப்பு அதிகம். ஒன்றுக்குப் பிடித்த தோட்டா இன்னொன்றுக்குப் பிடிக்காது. நான்கைந்து வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. எந்தத் தோட்டா என்று குறிப்பிடாமல் "நம்ப முடியாத துப்பாக்கி" என்று ஒருவர் சொன்னால் அந்தக் கருத்துக்கு நான் பாதி மதிப்புத்தான் கொடுப்பேன்.

வெளியே வர மறுக்கும் உறைகள்

புதியவர்களை அதிகம் எரிச்சலூட்டுவது இதுதான். எட்டுத் தோட்டாக்களையும் சுட்டுவிட்டு உருளையை வெளியே சாய்த்து, முன்பக்கத்துத் தண்டை அழுத்தினால் ஆறு உறைகள் விழும், மற்ற இரண்டும், உறைகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கும். சில நேரம் தண்டு அசையவே அசையாது. உள்ளங்கையை வைத்து அழுத்திச் சிவந்துபோனவர்கள் பலர்.

இதற்கும் தோட்டாவின் அமைப்பே அடிப்படை. பெரும்பாலான தோட்டாக்களில் குண்டு உறைக்குள் செருகியிருக்கும். .22 லாங் ரைஃபிளில் குண்டின் அடிப்பகுதி மட்டும் மெலிந்து உறைக்குள் போகிறது. வெளியே தெரியும் பகுதி உறையின் வெளிச்சுற்றளவுக்குச் சமம். ஆகவே குண்டின் மேல் பூசும் மெழுகும் வெளியேதான் இருக்கும். அந்த மெழுகு, ஈயத் துகள், வெடிமருந்துக் கரி மூன்றும் சேர்ந்து அறைகளுக்குள் பிசின் போலப் படிகின்றன. ஐம்பது தோட்டாக்களுக்குள் அறைகள் இறுக்கமாகிவிடலாம். செம்புப் பூச்சுள்ள குண்டுகள் கொஞ்சம் சுத்தம். நீளம் குறைந்த .22 ஷார்ட் தோட்டாக்களை அதே துப்பாக்கியில் நிறையச் சுட்டால், அந்த நீளம் முடியும் இடத்தில் கரி ஒரு வளையமாகப் படியும். அதன் பிறகு நீளமான தோட்டா உள்ளே போகத் தகராறு செய்யும்.

இன்னொரு காரணம் அளவு சம்பந்தப்பட்டது. உறையின் நீளம் சுமார் 15.6 மில்லிமீட்டர். குழல் குட்டையானால் அதன் அடியில் இருக்கும் தள்ளுதண்டும் குட்டையாகிறது. முழுவதும் அழுத்தினாலும் அது உறையை அறையின் வாய் வரைக்கும்தான் தள்ளும். மிச்சத்தைப் பூமியின் ஈர்ப்பு பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் செய்முறையை மாற்றிக்கொள்ளுங்கள். விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு, உருளையைத் திறந்து, குழலின் வாய் வானத்தைப் பார்க்கத் துப்பாக்கியை நிமிர்த்துங்கள். தண்டை மெல்ல அழுத்தாமல், உள்ளங்கையால் ஒரே தட்டாகத் தட்டுங்கள். உறைகள் சரசரவென்று விழும். இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. எரியாமல் மிஞ்சிய வெடிமருந்துத் துகள்களும் உறைகளோடு கீழே விழுந்துவிடும். துப்பாக்கியைப் படுக்க வைத்துத் தள்ளினால் அந்தத் துகள்கள் நட்சத்திரத் தகட்டின் அடியில் புகுந்துகொள்ளும். பிறகு உருளை மூடாது, மூடினாலும் சுழலாது. "இரண்டாவது நாளே பூட்டிக்கொண்டது" என்ற புகாரில் பெரும்பகுதிக்கு மணல் அளவு துகள் ஒன்றே காரணம். பழைய பல்துலக்கி ஒன்று போதும் அதைச் சரிசெய்ய.

அலுமினிய உருளை உள்ளவர்கள் கொஞ்சம் நிதானமாகத் துடைக்க வேண்டும். எஃகைத் தேய்ப்பது போலக் காரமான திரவமும் கரடுமுரடான துணியும் கொண்டு தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும். உருளையின் முகப்பில் படியும் கருவளையத்தைப் பற்றிக் கவலைப்படாமல் விட்டுவிடலாம். அது சுட்ட துப்பாக்கியின் அடையாளம். வேலை முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஈயத்தை உண்ணக் கூடாது.

குறியும் சத்தமும் மேக்னமும்

குட்டைத் துப்பாக்கியில் முன் முனைக்கும் பின் பள்ளத்துக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 10 சென்டிமீட்டர்தான். முன் முனை 1 மில்லிமீட்டர் விலகினால் 10 மீட்டர் தள்ளியிருக்கும் பலகையில் குண்டு 10 சென்டிமீட்டர் விலகும். அரை மீட்டர் இடைவெளியுள்ள நீளத் துப்பாக்கியில் அதே பிழைக்கு 2 சென்டிமீட்டர். ஆகவே குட்டை ரிவால்வர் குறி தப்புகிறது என்பதைவிட, நம் பிழையை அது பெரிதாக்கிக் காட்டுகிறது என்பதே சரி. 3 அங்குலக் குழல் உள்ள வடிவங்களை வைத்திருப்பவர்கள் பொதுவாக அதிகத் திருப்தியோடு பேசுவதற்கு இதுவும் நீளமான தள்ளுதண்டும் காரணம். மீன்பிடிக்கவும் முகாமிடவும் போகிறவர்களின் பையில் கிடக்கட்டும் என்று 1930களில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் செய்த சிறிய .22 ரிவால்வர்களுக்கு கிட் கன் என்று பெயர். இன்றைய 3 அங்குல அலுமினிய வடிவங்கள் அந்தப் பரம்பரை. என்னைக் கேட்டால், முதல்முறை வாங்குபவர் பைக்குள் மறைக்க வேண்டிய கட்டாயம் இல்லாவிட்டால் இந்த நீளத்துக்கே போகலாம்.

.22 மேக்னம் என்ற தோட்டா 1959-இல் வின்செஸ்டர் கொண்டுவந்தது. பெயரைப் பார்த்து, சின்னத் துப்பாக்கியில் பெரிய பலம் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். நீளக் குழலில் அதன் 2.6 கிராம் குண்டு நொடிக்கு 570 மீட்டர் வரை போகும். 2 அங்குலக் குழலில் பாதிக்கு அருகில் வேகம் கரைந்துவிடும். அதன் வெடிமருந்து முழுவதும் எரிய அந்தக் குழல் போதாது. எரியாத மருந்து குழலின் வாயில் பெரிய நெருப்புப் பந்தாகவும் காதைப் பிளக்கும் சத்தமாகவும் செலவாகிறது. சாதாரண .22-ஐவிடக் கொஞ்சம் அதிகம் கிடைப்பது உண்மை, கொடுக்கும் விலையும் சத்தமும் அதைவிட அதிகம். ஒரு எச்சரிக்கை: மேக்னம் அறை அகலமானது. சாதாரண .22 தோட்டா அதற்குள் நழுவிப் போய் உட்காரும் என்பதால் சுட்டுவிடக் கூடாது. உறை கிழிந்துவிடும். இரண்டையும் சுடத்தான் சில மாதிரிகளோடு இரண்டு உருளைகள் கொடுக்கிறார்கள்.

சத்தத்தைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. சின்னத் தோட்டா, சின்னச் சத்தம் என்று மனம் கணக்குப் போடுகிறது. நொடியில் வெடித்து அடங்கும் ஓசைக்கு 140 டெசிபல் என்பது காதுக்கு ஆபத்தான எல்லை. குட்டைக் குழல் .22 அந்த எல்லையைத் தாண்டிவிடும். காதுக் கவசமும் கண்ணாடியும் இல்லாமல் ஒரு தோட்டாகூடச் சுட வேண்டாம். உருளைக்கும் குழலுக்கும் இடையே உள்ள இடுக்கில் பக்கவாட்டில் சூடான வாயுவும் ஈயத் துகளும் தெறிக்கும், விரல்கள் அந்த இடத்துக்கு முன்னால் நீளக் கூடாது. குட்டித் துப்பாக்கியில் பெரிய கைக்காரர்களுக்கு இது உண்மையான ஆபத்து.

நார்த் அமெரிக்கன் ஆர்ம்ஸின் சட்டைப்பை அளவுக் குட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவை ஒற்றைச் செயல் மட்டுமே. விசையைச் சுற்றி வளையம் கிடையாது. பெரும்பாலானவற்றில் உருளையை அடியோடு கழற்றித்தான் மறுபடி தோட்டா நிரப்ப வேண்டும். இரண்டு விரல்களால் பிடித்து மூன்றடிக்கு அப்பால் குறிவைக்கப் பொறுமை வேண்டும். சுத்தியல் தோட்டாவின் விளிம்பில் சாயாமல், அறைகளுக்கு நடுவே வெட்டியிருக்கும் பள்ளத்தில் அமர வைப்பது அவற்றின் முக்கியமான பாதுகாப்பு. அதைப் படித்துத் தெரிந்துகொள்ளாமல் பையில் போடுவது முட்டாள்தனம். வைத்திருப்பவர்கள் அவற்றை நேசிக்கிறார்கள். கடிகாரப் பொறி போன்ற வேலைப்பாட்டுக்காக என்றால் எனக்கும் புரிகிறது.

தற்காப்புக்கு .22 போதுமா என்ற சண்டை ஓயாது. குண்டின் ஆற்றல் சுமார் 90 ஜூல்; .38-இல் அதைப்போல மூன்று மடங்கு. அதோடு ரிம்ஃபயருக்கு அவ்வப்போது ஊமையாகும் குணமும் உண்டு. இரண்டையும் வைத்துப் பார்த்தால் வேறு ஒன்றைக் கையாள முடிந்தவர் இதை முதலில் தேர்ந்தெடுக்க நியாயமில்லை என்பது என் கட்சி. பயிற்சிக்கு இதை அடிக்க ஆள் இல்லை. எல்சிஆர் போன்றவை .38-இலும் .22-இலும் ஒரே உருவத்தில் கிடைக்கின்றன. .38 வைத்திருப்பவர் .22-ஐத் துணைக்கு வாங்கி, ஒரே பிடி, ஒரே மாதிரி நீள இழுவையில் ஆயிரக்கணக்கில் சுட்டுப் பழகுகிறார். அந்தக் கனத்த விசையில் நேராகச் சுடப் பழகிவிட்டால் மற்ற ரிவால்வரெல்லாம் வெண்ணெய் போலத் தோன்றும்.

பழையது வாங்குவதாக இருந்தால்

தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகுவதை வெற்றுப் பயிற்சி என்கிறோம். சென்டர்ஃபயரில் ஊசி நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் போய் நிற்கும். ரிம்ஃபயரில் ஊசிக்கு எதிரே தோட்டா விளிம்பு இல்லாவிட்டால், அது அறையின் எஃகு ஓரத்திலோ அலுமினிய ஓரத்திலோ மோத வாய்ப்புண்டு. ஊசி தொடாதபடி வடிவமைத்த மாதிரிகளும் உண்டு, உங்கள் மாதிரிக்கு அனுமதி இருக்கிறதா என்பது அதனுடன் வரும் கையேட்டில் இருக்கும். பலர் சுவரில் திருகு பொருத்தப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் செருகிகளில் சரியான அளவைப் பார்த்து அறைகளில் போட்டுப் பழகுகிறார்கள். விளிம்பு போன்ற தலை இருப்பதால் அவை ஊசியின் அடியை வாங்கிக்கொள்கின்றன. உண்மைத் தோட்டாவோடு குழம்பவும் வழியில்லை.

முந்தைய சொந்தக்காரர் இந்த அக்கறை இல்லாதவராக இருந்திருந்தால் அதன் தடம் உருளையில் இருக்கும். சட்டப்படியான உரிமத்தோடு பழைய துப்பாக்கியைப் பார்க்கப் போகும்போது, உருளையைத் திறந்து ஒவ்வொரு அறையின் வாயையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஊசி விழும் இடத்தில் ஓரம் நசுங்கி உள்பக்கம் பிதுங்கியிருந்தால், அந்த அறைக்குள் தோட்டா தடங்கலோடு நுழையும், சுட்ட பிறகு உறை வெளியே வராது. அந்தப் பிதுக்கத்தை உள்ளிருந்து அழுத்திச் சமன் செய்ய அதற்கென்றே உருண்டையான ஒரு கருவி இருக்கிறது. தேர்ந்த தொழிலாளி சில நிமிடத்தில் சரிசெய்துவிடுவார். எனவே அதற்காகவே வேண்டாம் என்று திரும்பிவிட வேண்டியதில்லை, விலையில் பேசிக்கொள்ளலாம்.

சுட்டுப் பார்க்க வாய்ப்பு இருந்தால் ஒரு பெட்டி சுடுங்கள். காலி உறைகளைப் பொறுக்கி, எந்த அறையில் சுட்டது என்று தெரியும்படி எட்டு எட்டாக வரிசையில் நிற்க வைத்துப் பள்ளங்களை ஒப்பிடுங்கள். எல்லாம் ஒரே ஆழத்தில் இருந்தால் வில்லும் ஊசியும் நலம். ஒரே அறையின் உறைகளில் மட்டும் பள்ளம் மேலோட்டமாக வந்தால் அந்த அறையைத் துடைத்துவிட்டு இன்னொரு சுற்றுச் சுடுங்கள். அப்போதும் மாறாவிட்டால், எந்த அறை என்று விற்பவருக்கே காட்டிவிடலாம்.